கல்லில் பொறித்த ஒரு விடைத்தாள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்து இப்போது தானே தமிழாசிரியையாக இருக்கும் ஒரு பெண் போன வாரம் போனில் ஒரு சந்தேகம் கேட்டாள். “ஐயா, ஒன்பதாம் வகுப்புக்குக் கர்ணன் குந்தியிடம் பேசுவதுபோல ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். ஒருவன் கர்ணனை அழவைத்திருக்கிறான். ஒருத்தி, கர்ணன் தாயைச் சுடுசொல் சொல்வதாக எழுதியிருக்கிறாள். இன்னொருவன் பாரதத்தில் இல்லாததையெல்லாம் சேர்த்திருக்கிறான். சந்திப்பிழை என்றால் அரை மார்க் குறைக்கலாம். இதற்கு எந்த அளவுகோலை வைத்து மார்க் போடுவது?”

நல்ல கேள்வி. போனில் சுருக்கமாக ஏதோ சொன்னேன். ஆனால் இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரம் வருஷம். உங்களில் பலர் ஆசிரியர்கள், முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். அதனால் எல்லோருக்குமாக விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

‘இந்தப் பாத்திரமாக இருந்து பேசு’ என்கிற பயிற்சியை இன்றைய பாடநூல்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்கிறோம். இல்லை. பழைய கிரேக்க, ரோமானியப் பள்ளிகளில் இது அன்றாடப் பாடம். சொற்பொழிவுக் கலைக்கு முன்னால் மாணவர்களுக்கு வரிசையாகச் சில எழுத்துப் பயிற்சிகள் கொடுப்பார்கள். நீதிக்கதையைத் திருப்பிச் சொல்வது, ஒருவரைப் புகழ்வது, ஒன்றை வருணிப்பது என்று படிப்படியாகப் போகும். அந்தப் படிகளில் ஒன்றுக்குப் பெயர் ‘எதோபோயியா’. ஒருவருடைய குணத்தைப் பேச்சால் உண்டாக்குவது என்று அர்த்தம். கேள்வி எப்போதும் ஒரே அச்சில் இருக்கும்: இன்னார் இந்த நேரத்தில் என்ன சொல்லியிருப்பார்? பிள்ளைகளைக் கொல்லப்போகும் நேரத்தில் மெடியா என்ன சொல்லியிருப்பாள்? நண்பன் பெட்ரோக்ளஸின் உடலுக்கு முன்னால் நின்று அக்கிலிஸ் என்ன சொல்லியிருப்பான்? உள்நாட்டிலேயே வாழ்ந்த ஒருவன் முதன்முதலில் கடலைப் பார்த்தால் என்ன சொல்வான்? இந்த மூன்றாவது கேள்வியை இன்றைக்கு நம் ஆறாம் வகுப்புக்குக் கொடுத்தாலும் பொருந்தும்.

இந்தப் பயிற்சிக்காக எழுதப்பட்ட ஆசிரியர் கையேடுகள் சில இன்றும் கிடைக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தியோன் என்கிற ஆசிரியர் சொல்வதன் சாரம் இது. எழுதுவதற்கு முன் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், பேசுகிறவருக்கு என்ன வயது, எந்த இடம், எந்தச் சமயம், அவருடைய நிலைமை என்ன என்று யோசித்துக்கொள். கிழவனுக்கு ஒரு பேச்சு, வாலிபனுக்கு ஒரு பேச்சு. அடிமையின் பேச்சு வேறு, சுதந்திரமானவன் பேச்சு வேறு. பிற்பாடு நான்காம் நூற்றாண்டில் வந்த அப்தோனியஸ் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படிப்பட்ட பேச்சை மூன்று காலமாகப் பிரிக்கச் சொன்னார். முதலில் இப்போது நேர்ந்திருப்பது, பிறகு முன்பு இருந்தது, கடைசியில் இனி வரப்போவது. பிள்ளைகளைப் பறிகொடுத்த நியோபி என்கிற தாயின் பேச்சை இந்த முறையில் எழுதி மாதிரியும் காட்டினார். இப்படிப்பட்ட பேச்சில் அலங்காரம் கூடாது, தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளையை இழந்தவள் உவமை தேடிக்கொண்டிருக்கமாட்டாள் இல்லையா?

இனி கல்லுக்கு வருகிறேன்.

கி.பி. 86-இல் ரோமப் பேரரசன் டொமிஷியன் ஒரு பெரும் போட்டியைத் தொடங்கினான். ஜூபிடர் பெயரால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். ஓட்டம், தேர்ப்பந்தயம் எல்லாம் உண்டு. கூடவே கிரேக்கக் கவிதைக்கும் லத்தீன் கவிதைக்கும் தனித்தனியே போட்டி. வென்றவருக்குக் கருவாலி இலைகளால் கட்டிய மகுடம். 94-இல் மூன்றாவது முறை நடந்தபோது கிரேக்கக் கவிதைப் போட்டியில் 52 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பையன். பெயர் குயின்டஸ் சுல்பிகியஸ் மாக்சிமஸ். வயது பதினொன்று.

அவன் எடுத்துப் பாடிய பொருள், ஃபேதானிடம் தேரைக் கொடுத்ததற்காகச் சூரியனை ஜீயஸ் எந்தச் சொற்களால் கண்டித்திருப்பார் என்பது. அச்சு அசலாக ‘இன்னார் என்ன சொல்லியிருப்பார்’ வகைக் கேள்வி.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபேதான் சூரியனுடைய மகன். ஒரே ஒரு நாள் உன் தேரை நான் ஓட்டுகிறேன் என்று அப்பாவிடம் அடம்பிடித்தான். அப்பாவும் கொடுத்துவிட்டார். சின்னப் பையனுக்குக் குதிரைகள் அடங்கவில்லை. தேர் தடம் மாறித் தாறுமாறாக ஓட, பூமி தீப்பற்றி எரிந்தது. வேறு வழியில்லாமல் ஜீயஸ் இடியால் அடித்துப் பையனைக் கொன்றார். இது முடிந்த பிறகு தேவர்களின் தலைவன் சூரியனைக் கூப்பிட்டுப் பேசுகிறான். அந்தப் பேச்சைத்தான் எழுதவேண்டும்.

சுல்பிகியஸ் மேடையிலேயே இயற்றிச் சொன்ன பாட்டு கிரேக்க யாப்பில் 43 அடி. மகுடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. சின்ன வயது என்பதால் முதலில் பரிவோடு கேட்டவர்களைத் தன் திறமையால் வியக்கவைத்து, மரியாதையோடு திரும்பினான் என்கிறது கல்வெட்டு. கல்வெட்டு என்று சொன்னேனே, அது அவனுடைய கல்லறை. 11 வருஷம், 5 மாதம், 12 நாள் வாழ்ந்தான் என்று அதில் கணக்கு எழுதியிருக்கிறது. ராப்பகலாகப் படிப்பிலேயே மனதைச் செலுத்தி, களைப்பும் நோயும் சேர்ந்து அவனைக் கொண்டுபோயின என்று அதே கல்லில் உள்ள சிறு பாடல் சொல்கிறது.

பெற்றோர் பெயர் யூக்ராமஸ், ஜனுவாரியா. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற குடும்பமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. கல்லின் நடுவே மாடத்தில், கையில் ஏட்டுச்சுருளோடு நிற்கும் பையனின் உருவம். இரண்டு பக்கமும் இடம் விடாமல் அவனுடைய 43 அடிகள். பாட்டை ஏன் வெட்டிவைத்தோம் என்பதற்கும் காரணம் எழுதியிருக்கிறார்கள். பெற்ற பாசத்தால் மகனைப் பெரிதாகப் பேசுகிறோம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதாம். அதாவது, நாங்கள் சொல்வதை நம்பவேண்டாம், இதோ அவன் எழுதியது, நீங்களே படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். தெருவில் போகிறவர்களையெல்லாம் மகனின் தாளைத் திருத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பிறகு அந்தக் கல்லறை ரோம நகரத்து மதில்வாயில் ஒன்றின் கட்டுமானத்துக்குள் போய்விட்டது. 1870-இல் இத்தாலியப் படை ரோமைப் பிடித்தபோது குண்டடிபட்ட அந்தச் சலாரியா வாயிலை அடுத்த வருஷம் இடித்தார்கள். அப்போதுதான் பையனும் பாட்டும் வெளியே வந்தார்கள். இன்று அசல் கல் ரோமில் மோன்டெமார்டினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் பேத்தி அதன் படத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினாள். எழுத்து புரியாவிட்டாலும் பத்தி பத்தியாக நெருக்கி வெட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சரி, அந்தப் பெற்றோர் கேட்டுக்கொண்டபடி நாமும் மார்க் போட்டுப் பார்ப்போமே. நான் படித்தது மொழிபெயர்ப்பைத்தான். ஆகவே யாப்பை விட்டுவிடுகிறேன். பேச்சை மட்டும் பார்க்கிறேன்.

ஜீயஸ் எடுத்தவுடன் வசைபாடவில்லை. உலகத்துக்கு ஒளி கொண்டுபோகும் தேருக்கு உன்னைத் தவிர வேறு யாரையும் நாங்கள் சாரதியாக வைக்கவில்லையே என்று தொடங்குகிறார். பிறகுதான், அப்படியிருக்க அறியாத பிள்ளையை ஏன் ஏற்றினாய் என்ற கேள்வி. அதன் பின் பூமி பட்ட பாடு. அதற்கும் பின் எச்சரிக்கை. ஒரு தலைவன் தன் கீழே பொறுப்பில் இருக்கும் ஒருவரைக் கண்டிக்கும் முறை இதுதான். முதலில் பொறுப்பை நினைவூட்டுவது, பிறகு தவறைச் சொல்வது, கடைசியில் இனி நடக்கவேண்டியது. பதினொரு வயதுப் பையன் தன் வயதை மறைத்து ஒரு தலைவனின் வயதில் பேசியிருக்கிறான். பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்ற இரண்டு கேள்விக்கும் முழு மார்க்.

ஆனால் திருத்திக்கொண்டே வரும்போது பேனா நின்றுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளையின் சக்திக்கு மீறியதை அவன் கையில் கொடுத்துவிட்டாயே என்று ஒரு தகப்பனைக் கண்டிக்கும் பேச்சு அது. எழுதியவன், சக்திக்கு மீறிப் படித்து இறந்துபோன பிள்ளை. கல்லில் வெட்டிவைத்தவர் அவனுடைய தகப்பன். அந்தத் தகப்பன் வெட்டும்போது இந்த ஒற்றுமையை உணர்ந்தாரா என்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் நம் ஊரில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அந்தக் கல் ஏதோ சொல்லத்தான் செய்கிறது. அதிகம் விளக்கவேண்டாம். நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

அதே ரோமில், அதே வருஷங்களில் வாழ்ந்த ஒரு வாத்தியார் குயின்டிலியன். 95-ஐ ஒட்டி அவர் எழுதி முடித்த பேச்சுக்கலை நூல் பன்னிரண்டு பாகம். பாத்திரமாகப் பேசுவதுதான் பயிற்சிகளிலேயே மிகக் கடினம் என்பது அவர் முடிவு. சீசராகப் பேசும்போது ஒரு விதம், சிசரோவாகப் பேசும்போது ஒரு விதம், கேட்டோவாகப் பேசும்போது ஒரு விதம் என்று ஒரே ஆள் மாறவேண்டியிருக்கிறதே என்கிறார். மாணவர்களை அடிக்கக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே எழுதிய மனிதர் அவர்.

திருத்துவது பற்றி அவர் சொன்னதைச் சுவரில் எழுதி ஒட்டலாம். சிறு வயதில் எழுத்து கொஞ்சம் கூடுதலாகப் பொங்கினால் பொங்கட்டும், மிகுதியைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் வறட்சியை எந்த உழைப்பாலும் சரிசெய்யமுடியாது என்கிறார். ஒரு விவசாய உதாரணமும் தருகிறார். இளந்தளிரில் அரிவாள் வைக்கக்கூடாதாம். அது இரும்புக்குப் பயப்படுமாம், வெட்டுப்பட்ட தழும்பைத் தாங்கும் பலம் அதற்கு இன்னும் வரவில்லையாம். இந்தக் குயின்டிலியன் தன் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். ஒருவன் ஐந்து வயதில், மற்றவன் பத்து நிறைவதற்கு முன்பே போனான். மூத்தவன் படிக்கட்டும் என்று எழுதிய புத்தகத்தை அவன் இல்லாமல் எழுதி முடிக்கிறேன் என்று ஆறாம் பாகத்தின் முன்னுரையில் வருந்துகிறார்.

மூன்றாவது சாட்சி நீங்கள் எல்லோரும் பெயர் கேள்விப்பட்டவர், புனித அகுஸ்தினார். 354-இல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். பிற்காலத்தில் பெரிய ஆயர். அவர் தன் வாழ்க்கையை எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலில் பள்ளிக்கூட நாட்களைச் சொல்லும்போது ஒரு போட்டியை விவரிக்கிறார். டிராய் நாட்டு வீரன் இத்தாலி போய்ச் சேருவதைத் தடுக்கமுடியாமல் கோபமும் துக்கமுமாக நிற்கும் ஜூனோ தேவியாகப் பேசவேண்டும். கவிஞன் வர்ஜில் பாட்டில் சொன்னதை உரைநடையில் சொல்லவேண்டும். நன்றாகச் செய்தால் பாராட்டு. இல்லாவிட்டால் அவமானம், பிரம்படி.

எப்படி மதிப்பிட்டார்கள் என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்திருக்கிறார். அதை நம் மொழியில் பிரித்துப் போட்டால் மூன்று விதி வரும். பாத்திரத்தின் தகுதிக்கு ஏற்ற பேச்சா? கோபமும் துக்கமும் உண்மைபோலத் தோன்றுகிறதா? கருத்துக்குப் பொருத்தமான சொல்லா? ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்திய மார்க் திட்டம் இது. இன்றைக்கும் இதில் ஒரு சொல் மாற்றத் தேவையில்லை.

அகுஸ்தினாருக்குக் கைதட்டல் கிடைத்தது. ஆனால் வயதான பிறகு அவர் அதை நினைத்துப் பெருமைப்படவில்லை. எல்லாம் புகையும் காற்றும்தானே என்று கேட்கிறார். பொய்யான தேவதைக்காக என் அறிவை வீணாக்கினேனே என்று அவருக்கு வருத்தம். அவருடைய நம்பிக்கை அவருக்கு. ஆனால் எனக்கு வேறொன்று தோன்றும். தன்னுடைய மனதை அத்தனை நுட்பமாகத் திறந்து பேசும் அந்தப் புத்தகத்தை எழுதியவர், இன்னொருவர் மனதுக்குள் புகுந்து பேச அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பழகினார். பயிற்சி வீண்போகவில்லை. பிரம்படிதான் வீண்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ‘ரோமாபுரிக்கா போகவேண்டும், நம்மிடம் இல்லையா ஐயா’ என்று கேட்கும் சிலர் உங்களில் உண்டு, எனக்குத் தெரியும். நிறையவே இருக்கிறது. சங்க அகப்பாட்டு முழுவதும் இதுதான். புலவர் தன் குரலில் பேசுவதே கிடையாது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, தலைவன் கூற்று என்று ஒவ்வொரு பாட்டும் ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிறது. கபிலர் ஆண். ஆனால் குறுந்தொகையில் அவர் தலைவியாகவும் தோழியாகவும் பேசுகிறார்.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளைச் சொல்லும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, முன்னம் என்று அடுக்குகிறது. தியோன் சொன்ன பேசுகிறவர், கேட்கிறவர், இடம், சமயம் எல்லாம் இதில் அப்படியே இருக்கின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. பாத்திரப் பேச்சைக் கூர்ந்து கவனிக்கிற எந்த ஆசிரியரும் இந்தக் கேள்விகளுக்குத்தான் வந்து சேருவார்.

இதில் ‘முன்னம்’ என்ற உறுப்பு தனி அழகு. இந்த இடத்தில் இந்தப் பேச்சைப் பேசத்தக்கவர் இவர், கேட்கத்தக்கவர் இவர் என்று, பெயர் சொல்லாமலே பேச்சை வைத்தே தெரிந்துகொள்வது. பாத்திரமாக எழுதிய தாளைத் திருத்த இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. தாளில் இருக்கும் பெயரைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பேச்சை மட்டும் படியுங்கள். கர்ணன் என்று தெரிகிறதா? அர்ச்சுனன் பெயரைப் போட்டாலும் அதே பேச்சு பொருந்துமா? பொருந்தினால் முன்னம் இல்லை.

ஒரு உதாரணம். குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. களவில் கலந்த தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், அன்றைக்கு அங்கே சாட்சி என்று யாரும் இல்லை, ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற ஒரு குருகு மட்டும்தான் இருந்தது என்கிறாள். அந்தக் குருகின் கால், தினையின் தாள்போல மெலிந்த காலாம். எனக்குப் பயமாயிருக்கிறது என்று அவள் சொல்வதேயில்லை. ஆனால் மீனில் கண்வைத்திருந்த பறவையைச் சாட்சியாகக் கூப்பிடும் நிலைமையிலேயே பயம் முழுவதும் வந்துவிட்டது. உவமையும் புலவர் எங்கோ படித்த உவமை இல்லை. தினைப்புனம் காக்கும் பெண் தினமும் பார்க்கிற தாள். அப்தோனியஸ் அலங்காரம் வேண்டாம் என்றார். கபிலர் அதைக் கொஞ்சம் திருத்திக் காட்டுகிறார். பாத்திரத்தின் கண்ணில் படுகிற பொருளாக இருந்தால் உவமை வரலாம்.

ஆக, இத்தனை பேரிடமும் கேட்டுக்கொண்டு, கர்ணன் தாள்களுக்கு நான் சொல்லும் வழி இது.

முதலில், பேசுகிறவனும் கேட்கிறவளும் தாளில் இருக்கிறார்களா என்று பாருங்கள். எதிரே குந்தி நிற்கிறாள் என்பதே மறந்து, ஊருக்குச் சொற்பொழிவு செய்தால் மார்க் குறையும்.

இரண்டாவது, சமயம். போருக்கு முன், பிறப்பு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்துக் கர்ணனா, எல்லாம் முடிந்தபின் நாம் அறிந்த கர்ணனா? தான் எப்படிச் சாகப்போகிறோம் என்று கர்ணனுக்குத் தெரிந்தாற்போல எழுதினால் அது நம் பேச்சு, அவன் பேச்சு இல்லை.

மூன்றாவது, மெய்ப்பாடு. அழுதானா, திட்டினானா என்பது கேள்வி இல்லை. அழுகைக்கு அவனிடம் காரணம் இருக்கிறதா என்பதே கேள்வி. சுடுசொல் எழுதிய அந்தப் பெண்பிள்ளைக்கு, கோபம் அடியில் ஏக்கம் தெரிந்தால், முழு மார்க் கொடுக்கலாம். பாரதத்தில் இல்லாததைச் சேர்த்தவனுக்கும் அப்படித்தான். நடந்த கதையை மாற்றாமல், கதை சொல்லாமல் விட்ட இடத்தை நிரப்பியிருந்தால் தவறில்லை. அவனுக்கு அந்த இடம் கண்ணில் பட்டிருக்கிறதே!

நான்காவது, பாத்திரத்தின் குணத்தைப் பிள்ளையின் குணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கைகேயியாகப் பேசி நியாயம் கேட்ட பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. அத்தனை பேரும் வெறுக்கிற ஒருத்தியின் பக்கம் ஐந்து நிமிஷம் நின்று பார்த்த பிள்ளை. வளர்ந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரையும் எதிர்க்கட்சிக்காரரையும் புரிந்துகொள்ள அந்த ஐந்து நிமிஷம் உதவும்.

எழுத்துப்பிழைக்கு ஒரு சிறு பங்கு மார்க் தனியாக வையுங்கள். அதைக் கொண்டுபோய்க் கர்ணனின் பேச்சில் கழிக்காதீர்கள். சிவப்பு மை குறைவாக இருக்கட்டும். தளிர், இரும்பு என்று குயின்டிலியன் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ‘இந்த இடத்தில் கர்ணன் குரல் எனக்குக் கேட்டது.’ எந்த இடம் என்று அடிக்கோடு போட்டுக் காட்டுங்கள். பிள்ளை மார்க்கை மறந்துவிடும், அந்த வரியை மறக்காது.

பெற்றோர்களாக இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒன்று. 52 பேரில் மகுடம் வாங்காத பையன் எழுதியதுதான் இன்றைக்கும் அந்தக் கல்லில் நமக்குப் படிக்கக் கிடைக்கிறது. உங்கள் பிள்ளை எழுதியதைப் பரிசு வந்தால்தான் படிப்பேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தக் கட்டுரை நோட்டை எடுத்துவரச் சொல்லி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்து முடித்ததும் நேரத்தோடு தூங்க அனுப்புங்கள்.